கியரில் இறங்குவோம்

(கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் ஓட்டுநர்களும் ஊராரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, மாவடிப்பட்டு என்று நாலாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். பலர் வண்டியோடேயே வந்திருக்கிறீர்கள். வெளியே நிற்கும் பிக்கப்புகளையும் மினி லாரிகளையும் பைக்குகளையும் பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டிவிட்டால் பெட்ரோல், டீசல் மிச்சமாகுமா? இதுதான் இன்றைய கேள்வி. மிச்சமாகும் என்று நம் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். கற்றுக்கொடுத்த குரு சொன்னார், கிளீனராக இருந்தபோது பார்த்தேன், ஓனர் சொன்னார் என்று காரணமும் சொல்வார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு விற்கும் பெரும்பாலான வண்டிகளில் மலை இறக்கத்தில் நியூட்ரல் எரிபொருளை மிச்சம் பிடிப்பதில்லை. கியரில் இறங்கும் வண்டியைவிட நியூட்ரலில் இறங்கும் வண்டிதான் கூடுதலாகக் குடிக்கிறது. இதைக் கணக்கோடு காட்டத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பெரியவர்களுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் சொன்னது வெறும் மூடநம்பிக்கை இல்லை. அந்தக் காலத்து வண்டிக்கு அது சரியாகத்தான் இருந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983இல் வந்த மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. இஞ்சின் காற்றை உறிஞ்சினால் அந்த உறிஞ்சலோடு பெட்ரோலும் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் கியரில் வரும்போது நீங்கள் ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறீர்கள். காற்று வரும் வழி கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. ஆனால் சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூடிய வழிக்குப் பின்னால் பிஸ்டன்கள் இழுக்க இழுக்க வெற்றிடம் பலமாகிறது. அந்த வெற்றிடம், வண்டி நிற்கும்போது இஞ்சினை ஓடவைக்க வைத்திருக்கும் சின்னத் துவாரம் வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் இஞ்சின் இழுப்பதைவிட 3,000 சுற்றில் ஓடும் இஞ்சின் கூடுதலாக இழுக்கும். அந்தப் பெட்ரோல் சரியாக எரியவும் எரியாது. பழைய கார் மலையிறங்கும்போது சைலென்சரில் 'பட் பட்' என்று வெடித்துக்கொண்டு போகும், கேட்டிருப்பீர்கள். எரியாமல் போன பெட்ரோல் வெளியே போய்ச் சூட்டில் வெடித்த சத்தம் அது. ஆகவே அந்த வண்டியில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தது உண்மை.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை இன்னும் நுட்பமானது. பழைய ஸ்கூட்டர்களிலும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லிலும் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றினோம். இஞ்சினுக்கு உள்ளே உயவு போவது அந்தப் பெட்ரோல் வழியாகத்தான். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் கியரில் வந்தால் இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பிஸ்டன் ஜாம் ஆகும் ஆபத்து உண்டு. ஸ்வீடன் நாட்டின் சாப் நிறுவனம் டூ ஸ்ட்ரோக் கார் விற்ற காலத்தில், ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரம் தனியாக உருண்டு இஞ்சின் தனியாக ஓடும்படி ஓர் ஏற்பாட்டையே காரில் வைத்தது, இதே காரணத்துக்காக. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்கு என்று ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லியிருந்தால், அவர் தன் வண்டியை அறிந்தவர் என்றுதான் நான் சொல்வேன். வண்டி மாறிவிட்டது. பேரன் கையில் இருப்பது வேறு வண்டி.

எப்படி மாறியது? 1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை மின்னணுப் பெட்டியே முடிவு செய்யும் ஓர் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு புகை விதிகள் இறுக இறுக, கார்களில் கார்புரேட்டர் மறைந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதி நாடு முழுக்க வந்தபோது பெரும்பாலான பைக்குகளுக்கும் அதே நிலை. இன்று நீங்கள் வாங்கும் புதிய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. இன்ஜெக்டர் இருக்கிறது, அதற்கு உத்தரவிடும் ஈ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டி இருக்கிறது.

அந்த ஈ.சி.யு. இறக்கத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆக்சிலேட்டரில் கால் இல்லை என்று ஒரு சென்சார் சொல்கிறது. இஞ்சின் 2,500 சுற்றில் ஓடுகிறது என்று இன்னொரு சென்சார் சொல்கிறது. இஞ்சின் சூடாகவும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஈ.சி.யு.வுக்கு விஷயம் புரிந்துவிடும்: இப்போது இஞ்சின் வண்டியை ஓட்டவில்லை, வண்டிதான் இஞ்சினை ஓட்டுகிறது. உடனே இன்ஜெக்டரை மூடிவிடும். கொஞ்சமாகத் தெளிப்பது என்ற பேச்சே இல்லை, ஒரு சொட்டும் போகாது. வேகம் குறைந்து இஞ்சின் சுற்று ஏறக்குறைய 1,000, 1,200க்கு இறங்கும்போது, அணைந்துவிடாமல் இருக்க மறுபடி தெளிக்கத் தொடங்கும். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி சற்று மாறும், முறை ஒன்றுதான்.

இப்போது நியூட்ரல் போடுங்கள். சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டது. இஞ்சினைச் சுற்ற ஆள் இல்லை. அணையாமல் இருக்க அது தானே எரிந்தாக வேண்டும். ஈ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்கிறது. கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்கினாலும் இதே கதிதான். மலை இலவசமாகச் சுற்றிக்கொடுத்த இஞ்சினை நீங்கள் காசு கொடுத்துச் சுற்றுகிறீர்கள்.

"கியரில் வந்தால் இஞ்சின் உறுமுகிறதே, அவ்வளவு சத்தம் போட்டால் எண்ணெய் குடிக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம். காது அப்படித்தான் பழகியிருக்கிறது. ஏற்றத்தில் இஞ்சின் உறுமினால் எரிபொருள் போகிறது, உண்மை. இறக்கத்தில் உறுமுவது வெறும் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் சத்தம். அந்த நேரத்தில் இஞ்சின் ஒரு காற்று பம்பு.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் பெட்ரோல்காரர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். உங்களுடையது இன்னும் பழைய கதை. காமன் ரெயில், ஈ.சி.யு. எல்லாம் வருவதற்கு முன்பே, பழைய லாரி, பஸ்களின் டீசல் பம்பில் கவர்னர் என்று ஒரு பாகம் உண்டு. பம்பு மெக்கானிக்குகள் அறிவார்கள். ஆக்சிலேட்டரை விட்டபின்னும் இஞ்சின் ஐட்லிங் வேகத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தால், அந்தக் கவர்னர் டீசல் அளவைக் குறைத்துக் குறைத்துப் பூஜ்ஜியத்துக்கே கொண்டுபோய்விடும். அதாவது டீசல் லாரியில், கியரில் இறங்கினால் டீசல் போகாது என்பது நம் அப்பா காலத்திலும் உண்மைதான். கார்புரேட்டர் காருக்குப் பொருந்திய யோசனையை லாரிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஒருநாளும் பொருந்தவில்லை. டீசல் மிச்சம் என்று நம்பி நியூட்ரலில் இறக்கிய அத்தனை லாரிகளும் கியரில் வந்திருந்தால் எரித்திருக்கத் தேவையில்லாத டீசலை எரித்துக்கொண்டேதான் இறங்கின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கியரில் உருளும் வண்டியை இஞ்சின் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் உருளும் வண்டி அதைவிட அதிக தூரம் போகும். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவே சமவெளி. அங்கே மெல்லிய சரிவில், கியரில் விட்டால் வண்டி வேகம் இழக்கும். மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் அந்தச் சரிவே வண்டியை ஒரே வேகத்தில் கொண்டுபோகும். ஐட்லிங்குக்குக் கொஞ்சம் எரிந்தாலும், மொத்தக் கணக்கில் அங்கே மிச்சம் வரலாம். வெளிநாட்டு லாரி நிறுவனங்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் சில மாடல்களில் வைத்திருக்கின்றன. வால்வோவின் ஐ-ரோல் அப்படிப்பட்டது. மெல்லிய சரிவில் கம்ப்யூட்டரே கியரை விலக்கும். வேகம் எல்லை தாண்டினாலோ, பிரேக்கில் கால் பட்டாலோ தானே கியரைச் சேர்த்துவிடும். அந்தக் காவல் நம் வண்டியின் கியர் ராடில் இல்லை. அதைவிட முக்கியம், நம் மலைப்பாதை மெல்லிய சரிவு இல்லை.

மலை இறக்கத்தின் கணக்கே வேறு. நம் கல்வராயன் மலை 600 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை உயரும் மலை. கணக்குக்காக 600 மீட்டர் உயரத்தை 12 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வண்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார். ஏறும்போது அந்த எடையை 600 மீட்டர் தூக்கியிருக்கிறோம். அதற்குச் செலவான ஆற்றல் கிட்டத்தட்ட 59 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3.3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேரும், மீதி வெப்பமாகப் போகும். இப்படிப் பார்த்தால், உயரத்துக்கு மட்டுமே சுமார் 0.7 லிட்டர் பெட்ரோல் செலவாகியிருக்கிறது.

இறங்கும்போது அந்த 59 லட்சம் ஜூலும் திரும்பி வருகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், டயர் உராய்வும் காற்றின் தடையும் சேர்ந்து அதில் சுமார் 19 லட்சத்தைத் தின்னும். மீதி 40 லட்சம் ஜூல் எங்கே போகும்? வண்டியின் வேகமாக மாற விட்டால் முதல் வளைவிலேயே பள்ளத்தில் இருப்போம். ஆகவே அதை எங்கேயாவது அழித்தாக வேண்டும். அழிக்க இரண்டே இடம்: ஒன்று பிரேக், இன்னொன்று இஞ்சின்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் மனதில் வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன். சமவெளியில் ஆற்றல் பற்றாக்குறை, அதனால் உருட்டி மிச்சம் பிடிப்பதற்கு ஏதோ பொருள் இருக்கிறது. மலை இறக்கத்தில் ஆற்றல் பற்றாக்குறையே கிடையாது. மிகுதிதான் சிக்கல். நியூட்ரலில் எவ்வளவு தடையில்லாமல் வண்டி உருண்டாலும், அந்த உருளலை நீங்களே பிரேக் பிடித்துத்தான் கொல்லப்போகிறீர்கள். பிறகு அதில் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த 40 லட்சம் ஜூல் என்பது, குழாயில் பிடித்த 13 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு. நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவு சூட்டையும் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் தாங்க வேண்டும். இது வெறும் சின்னக் கார். மரவள்ளி சீசனில் ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். வண்டியும் லோடும் சேர்ந்து 10 டன் என்றால், அதே கணக்கில் பிரேக்குக்குப் போகும் சூடு சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். மணிக்கு 30இல் போகாமல் 60இல் போனால், கிட்டத்தட்ட அத்தனை சூடும் பாதி நேரத்தில் வரும். ஆற நேரம் இருக்காது.

சூடு ஏறினால் பிரேக்குக்கு என்ன ஆகிறது என்பதை விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறோம், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பதில்லை. பிரேக் லைனர் ஒரு அளவு சூடு வரைதான் கவ்வும். அதற்கு மேல் சூடேறினால் கவ்வும் சக்தியே குறையும். மிதிக்க மிதிக்க மிதி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. டிரம் பிரேக்கில் இன்னொன்றும் நடக்கும்: சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும், மிதி கீழே கீழே போகும். மூன்றாவதாக, பிரேக் ஆயில் உள்ள வண்டிகளில் அந்த ஆயிலே கொதிக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரி வரை தாங்கினால் போதும் என்றே தரவிதி வைத்திருக்கிறது. நம் மலைப்பக்கத்து மழைக்கும் பனிக்கும், வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலின் நிலை என்னவாக இருக்கும்? ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால், நீங்கள் மிதிக்கும் பலம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். மிதி சொத்தென்று தரைக்குப் போகும். பிரேக் ஆறிய பிறகு மெக்கானிக் வந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் பல விபத்துகளில் காரணம் தெரியாமலே போகிறது.

கியரில் இறங்கினால் இந்தச் சுமையில் பெரும்பகுதியை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். இஞ்சினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, ஆயில் ஓட்டம் இருக்கிறது. உள்ளே எதுவும் எரியவில்லை என்பதால் அது ஆறிக்கொண்டேகூட வரும். எத்தனை கிலோமீட்டர் என்றாலும் சளைக்காது. கியர் குறையக் குறைய இழுத்துப் பிடிக்கும் பலம் கூடும். பெட்ரோல் இஞ்சினில் காற்றுவழி மூடியிருப்பதால் பிடிப்பு நன்றாக இருக்கும். அதோடு, அந்த மூடிய வழியால் உண்டாகும் பலமான வெற்றிடம்தான் உங்கள் காரின் பிரேக் பூஸ்டருக்கு உயிர். டீசல் இஞ்சினில் அப்படி மூடும் தட்டு பெரும்பாலும் இல்லை, அதனால் எடைக்கு ஏற்ற பிடிப்பு போதாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் லாரிகளிலும் பஸ்களிலும், புகை வெளியேறும் வழியை அடைத்து இஞ்சினின் பிடிப்பைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுப் பயனே இல்லை. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் அது வேலை செய்யும்.

சிலர் இன்னும் ஒரு படி போய் இஞ்சினையே ஆஃப் செய்துவிட்டு இறங்குகிறார்கள். அப்படிச் செய்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்றோடு விட்டுவிடுங்கள். இஞ்சின் நின்றால் காரின் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குமேல் பாறையை மிதிப்பது போல இருக்கும். பவர் ஸ்டியரிங் கனத்துப் போகும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரஸரை ஓட்டுவது இஞ்சின்தான். அது நின்றால், டேங்கிலுள்ள காற்று ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே போகும். கடைசி வளைவில் காற்று இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் எங்கோ நடப்பதில்லை. நம் மலைக்கு அந்தப் பக்கம், சேலம்–தர்மபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. உங்களில் பலர் அந்த வழியாக பெங்களூருக்குக் காய்கறியும் கிழங்கும் கொண்டுபோயிருப்பீர்கள். 2024 ஜனவரி 24 அன்று மாலை அங்கே ஒரு லாரி கட்டுப்பாடிழந்து முன்னே போன வண்டிகள்மேல் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்தின் காரணத்தை நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கணவாயில் லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதே விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. மகாராஷ்டிரத்தில் புனே நகரத்து நவலே பாலத்தில் 2022 நவம்பர் 20 அன்று இறக்கத்தில் வந்த ஒரு லாரி பல வாகனங்கள் சேதமான தொடர் மோதலுக்குக் காரணமானது. எரிபொருள் மிச்சம் பிடிக்க ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார் என்பதே போலீஸ் முதல் விசாரணையில் சொன்ன காரணம். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு விபத்துகள் நடந்திருக்கின்றன. மலைப்பாதை தெரியாதவர்கள் அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினார்கள்.

அப்படி மிச்சமாவதாக நினைக்கும் தொகைதான் எவ்வளவு? சூடேறிய சின்னக் கார் இஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். நான் சொன்ன 12 கிலோமீட்டர் இறக்கத்துக்கு 24 நிமிடம் ஆகும். கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 25 ரூபாய். நியூட்ரலில் வந்தால் அந்த 25 ரூபாய் செலவு. கியரில் வந்தால், வளைவுகளில் இஞ்சின் சுற்று குறையும் இடங்களில் எரியும் கொஞ்சம் போக, அது மிச்சம். லைனர் தேய்வதையும் சேர்த்தால் நியூட்ரலின் செலவு இன்னும் கூடும்.

ஓனர்களாக இருப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் தன் விருப்பத்தில் மட்டும் நியூட்ரல் போடுவதில்லை. டீசல் கணக்கு கேட்கிறீர்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில்கூட ஒவ்வொரு ஓட்டுநருக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கே.எம்.பி.எல். கணக்கு வைக்கிறார்கள். கணக்கு கேட்பது தவறில்லை, டீசல் விற்கும் விலையில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மலையேறி இறங்கும் வண்டியையும் உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலையில் ஓடும் வண்டியையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால், மலை வண்டி ஓட்டுநர் எங்கே போய் மிச்சம் பிடிப்பார்? பயந்துபோய் இறக்கத்தில்தான் கைவைப்பார். உண்மையான மிச்சம் ஏற்றத்தில் இருக்கிறது: டயர் காற்று சரியாக இருப்பது, தேவைக்கு மேல் லோடு ஏற்றாதது, இஞ்சின் திணறும் வரை மேல் கியரில் இழுக்காமல் நேரத்தில் கியர் குறைப்பது, ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைப்பது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள். லோடு இறக்கிய வண்டிகளில் கூலி வேலைக்குப் போகும் நம் ஆட்களும் பின்னால் உட்கார்ந்துதான் வருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, எப்படி இறங்குவது என்பது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. முக்கியம், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அந்த கியருக்கு வந்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு லோடு வண்டியில் கியர் குறைக்கப் போனால், கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும். மூன்றாம் கியரில் வண்டி வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அது தவறான கியர், இரண்டுக்குப் போங்கள். பிரேக்கை வழி நெடுக லேசாக அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் நன்றாக ஒருமுறை பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு காலை எடுத்து ஆற விடுங்கள். கரிந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இறங்குபவர்தான், அகலமில்லாத மலைச்சாலையில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கியரில் மெதுவாக வருபவரால்தான் அப்படி நின்று வழிவிட முடியும்.

ஸ்கூட்டர், எக்ஸ்.எல். ஓட்டும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு சொல். உங்கள் வண்டியில் கிளட்ச் தானாக இயங்குவது. வேகம் மிகவும் குறைந்தால் அது தானே விலகிவிடும். நீங்கள் எதையும் தொடாமலே வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல ஆகிவிடும். அந்த உருளல் தெரிந்தால் ஆக்சிலேட்டரை ஒரு நொடி லேசாகத் திருகிவிடுங்கள். கிளட்ச் மறுபடி சேர்ந்து இஞ்சின் பிடிக்கும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பயன்படுத்துங்கள். கியர் உள்ள பைக் வைத்திருப்பவர்களுக்கு லாரிக்குச் சொன்னதே போதும். ஆட்டோமேடிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே விடாமல், கியர் ராடில் உள்ள 'எல்' அல்லது கைமுறை நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சார வண்டிகளும் மலைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் இந்தக் கணக்கு இன்னும் அழகாக இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, நான் சொன்ன மிகுதி ஆற்றலில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அங்கேயும் நியூட்ரல் போட்டால் அந்த வரவு நின்றுபோகும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் வாங்க இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பும் குறையும். மலை மேலே சார்ஜ் போடுபவர்கள் கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பல கார்களில் அந்த நொடியின் மைலேஜைக் காட்டும் திரை இருக்கிறது. இறக்கத்தில் கியரில் காலை எடுத்தால் அது உச்ச எண்ணில் போய் நிற்கும் அல்லது கோடு மட்டும் காட்டும். நியூட்ரல் போட்டதும் ஒரு எண் வரும். திரை இல்லாத வண்டிக்கு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் கொண்டுவந்திருக்கிறேன். அதை செல்போனோடு இணைத்தால் இன்ஜெக்டர் தெளிப்பது, நிறுத்துவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் யாருடைய காரிலாவது அதை மாட்டி, கியரில் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். நியூட்ரலில் எவ்வளவு எரிகிறது என்பதை வண்டியை இங்கேயே நிறுத்திவைத்துப் பார்க்கலாம், அதற்காக மலையில் உருட்ட வேண்டாம். டீசல் பிக்கப் வைத்திருப்பவர் ஒருவரும் வந்தால் நல்லது, இரண்டு வகையையும் பார்த்துவிடலாம். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேளுங்கள்.